தவறினால்

உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு நாள் காலையில் போய் உட்கார்ந்தால், ‘தவறினால்’ என்ற சொல் எத்தனை முறை காதில் விழுகிறது என்று எண்ணலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கேட்ட மனு: அடுத்த வாய்தாவுக்குள் எதிர்த்தரப்புக்கு ஆயிரம் ரூபாய் செலவுத்தொகை கொடுத்தால் அனுமதி, தவறினால் தள்ளுபடி. மேல்முறையீட்டில் தடை மனு: எட்டு வாரத்துக்குள் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டினால் தடை நீடிக்கும், தவறினால் தானாக நீங்கும். கிரைய ஒப்பந்த வழக்கு: பாக்கித் தொகையை மூன்று மாதத்துக்குள் கோர்ட்டில் கட்ட வேண்டும், கட்டியதும் பிரதிவாதி பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றாவதில் பல நேரம் ‘தவறினால்’ என்ற சொல்லே இருக்காது. கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லாமலே தீர்ப்பு முடிந்துவிடும். அங்கே பிறக்கும் வழக்கு இன்னொரு தலைமுறைக்குப் போகும்.

வக்கீல்கள் பேச்சில் இவை எல்லாமே ‘கண்டிஷனல் ஆர்டர்’தான். சட்டம் இவற்றை ஒரே தட்டில் வைப்பதில்லை. சில நிபந்தனைகள் வழக்கை நகர்த்துவதற்காக நீதிமன்றம் கையிலெடுத்த பிரம்பு. வேறு சில, கிடைத்த உரிமையின் உடம்போடு ஒட்டிப் பிறந்தவை. முதல் வகையில் கெடு தாண்டினாலும் மன்னிப்பு உண்டு. இரண்டாம் வகையில் கெடு போனால் உரிமையும் போகலாம். ஒரு நிபந்தனை எந்த வகை என்று கேட்காமல் நேரே அதை நிறைவேற்றப் போவதில்தான் குழப்பத்தின் பெரும்பகுதி தொடங்குகிறது.

பிரம்பு வகைக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்லும் வழக்கு மகந்த் ராம் தாஸ் வழக்கு. 1954-இல் பாட்னா உயர் நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டை அனுமதித்தது. ஆனால் குறைவாகக் கட்டிய நீதிமன்றக் கட்டணத்தை மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும், தவறினால் மேல்முறையீடு தள்ளுபடி என்றது. கெடு முடியும் முன்பே அவர் கூடுதல் அவகாசம் கேட்டு மனுப் போட்டுவிட்டார். மனு விசாரணைக்கு வந்தபோது கெடு முடிந்திருந்தது. ‘உத்தரவு தானே வேலை செய்துவிட்டது, இனி எங்கள் கையில் ஒன்றும் இல்லை’ என்று உயர் நீதிமன்றம் கைவிரித்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹிதாயத்துல்லா இதை ஏற்கவில்லை. இத்தகைய உத்தரவுகள் சோம்பேறி வழக்காளியை மிரட்டுவதற்காகப் போடப்படுபவை. நடந்ததைப் பார்க்க முடியாதபடி நீதிமன்றத்தின் கண்ணையே கட்டுபவை அல்ல என்றார். கட்ட வேண்டிய முழுப் பணத்தோடும் கிளம்பிய ஒருவனைக் கெடுவுக்கு முந்தின நாள் திருடர்கள் மடக்கிப் பறித்துக்கொண்டால், அப்போதும் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்பீர்களா என்று ஓர் உதாரணமும் காட்டினார். தீர்ப்பு வந்த ஆண்டு 1961. மூன்று மாதக் கெடுவை நீட்டலாமா என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்குச் சட்டத்தில் உள்ள பிடிமானம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஆம் பிரிவு. நீதிமன்றம் கொடுத்த காலக்கெடுவை, அது முடிந்த பிறகும், நீட்டலாம் என்கிறது அது. 1999-இல் நாடாளுமன்றம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது: நீட்டிப்பு மொத்தம் முப்பது நாளைத் தாண்டக் கூடாது. 2002 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. 2005-இல் சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளத்தைத் தளர்த்தியது. தன் கைமீறிய காரணத்தால் ஒருவர் தவறியிருந்தால், உள்ளார்ந்த அதிகாரத்தைச் சொல்லும் 151-ஆம் பிரிவின் துணையோடு முப்பது நாளுக்கு மேலும் நீட்டலாம் என்றது. ஆக, செலவுத்தொகை கட்டும் நிபந்தனை, கட்டணக் குறையைச் சரிசெய்யும் நிபந்தனை போன்றவற்றில் ‘தவறினால் தள்ளுபடி’ என்பது கடைசி வார்த்தை அல்ல. ஆனால் நீட்டிப்பு தானாக வராது. கேட்க வேண்டும், காரணத்தோடு கேட்க வேண்டும். கெடு நாளன்று மதியம் எதிர்த்தரப்பு வக்கீலின் குமாஸ்தாவைத் தேடியும் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணம்தான். அன்றே பணத்தைக் கோர்ட்டில் கட்டி மெமோ போட்டிருந்தால் அந்தக் காரணத்துக்கே வேலை இருந்திருக்காது.

செலவுத்தொகையில் ஒரு சிறு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. மனுவை அனுமதிப்பதற்கான விலையாக விதித்த செலவுத்தொகை ஒன்று. வழக்கை இழுத்தடித்ததற்காக அதே நடைமுறைச் சட்டத்தின் 35-பி பிரிவின் கீழ் விதிப்பது வேறு. பின்னதைக் கட்டாவிட்டால் கட்டும் வரை அந்தத் தரப்பு வழக்கை மேலே நடத்த முடியாது. அதற்காக வழக்கையே தள்ளிவிட முடியாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கதவை மூடுவதும் வீட்டை இடிப்பதும் ஒன்றல்லவே.

மறுகோடியில் இருப்பது முன்வாங்குரிமைத் தீர்ப்பாணை. பங்காளியோ பக்கத்து நிலக்காரரோ, ‘வெளியாளுக்கு விற்றதை அதே விலைக்கு எனக்குக் கொடு’ என்று வென்ற வழக்கு. தமிழ்நாட்டில் இது அரிது, வடக்கே நிறைய. இங்கே சட்டமே ‘தவறினால்’ என்பதை எழுதித் தருகிறது: குறித்த நாளுக்குள் கிரையப் பணத்தைக் கட்டினால் சொத்து, இல்லையேல் வழக்கு தள்ளுபடி. பணம் கட்டுவது ஏதோ ஒரு நடைமுறைச் சடங்கு அல்ல, உரிமையே அதுதான். மேல்முறையீடு போட்டுவிட்டோம் என்று கட்டாமல் இருந்தவருக்கு 1950-களிலேயே உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் கறாரானது: மேல்முறையீடு தாக்கலானதாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது. இது முன்வாங்குரிமைக்கு மட்டும் உள்ள விதி அல்ல. மேல்முறையீடு வேறு, தடை வேறு. தடை வாங்காதவருக்குக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சுருக்க விசாரணை வழக்குகளும் ஏறக்குறைய இதே கறார்தான். காசோலை, கடனுறுதிச் சீட்டு அடிப்படையில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 37-இன் கீழ் போட்ட வழக்கில், ‘இத்தனை ரூபாய் கட்டிவிட்டு எதிர்வாதம் செய்’ என்று நிபந்தனையோடு அனுமதி தந்தால், கட்டாதவருக்கு எதிராக வாதி உடனே தீர்ப்புப் பெறலாம். அடமானத் தீர்ப்பாணை நேர் எதிர். பணம் கட்ட நாள் குறிப்பார்கள். ஆனால் ஏலம் உறுதி செய்யப்படும் வரை கடனாளி பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்கலாம் என்று கட்டளை 34 அவருக்கு வழி திறந்து வைத்திருக்கிறது. வீடு போகிறவனிடம் சட்டம் காட்டும் இரக்கத்தை நிலம் வாங்க வந்தவனிடம் காட்டுவதில்லை. எனக்கு அதில் குறை தெரியவில்லை.

இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவே, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதுதான் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு. நம் ஊர் சார்பு நீதிமன்றங்களில் மலைபோல் குவிவதும் இதுவே. கிரைய ஒப்பந்தம் போட்டாயிற்று, முன்பணம் கொடுத்தாயிற்று, விற்பவர் பின்வாங்குகிறார். வாங்குபவர் வழக்குப் போட்டு ஜெயிக்கிறார். பாக்கித் தொகையைக் கட்டும் காலத்தைத் தீர்ப்பாணையிலேயே குறிக்க வேண்டும் என்று 1976 திருத்தம் கட்டளை 20-இல் 12-ஏ விதியைச் சேர்த்தது. கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விடை 1963-ஆம் ஆண்டு தனிநிவாரணச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் இருக்கிறது: விற்பவர் அதே வழக்கில் மனுப் போட்டு ஒப்பந்தத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம், நீதிமன்றம் ரத்துச் செய்யலாம், கூடுதல் அவகாசமும் தரலாம். அதாவது தீர்ப்பு சொன்னதோடு அந்த வழக்கு நீதிமன்றத்தின் கையை விட்டுப் போவதில்லை. 1972-இல் ஹங்கர்ஃபோர்டு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: இத்தகைய தீர்ப்பாணை முதனிலைத் தீர்ப்பாணை போன்றது, கட்டுப்பாடு நீதிமன்றத்திடமே தொடர்கிறது. அந்த வழக்கின் எதிர்த்தரப்பு ஹரிதாஸ் முந்த்ரா. 1958-இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் நிதியமைச்சர் பதவியைக் காவுவாங்கிய அதே முந்த்ரா.

இந்த நெகிழ்வுக்கு ஒரு விலை உண்டு. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கும் நாட்டில், கட்ட வேண்டிய பாக்கியோ ஒப்பந்த நாளின் விலையிலேயே நிற்கிறது. அவசரப்படாமல் இருப்பது வாங்குபவருக்கு லாபம். பாக்கிப் பணத்தை வேறு எங்காவது வட்டிக்கு விட்டுவிட்டு, விலை ஏறியபின் வந்து ‘கட்டிவிடுகிறேன்’ என்றால்? 1999-இல் பழனிச்சாமி செட்டியார் நிறுவன வழக்கில் ஐந்து ஆண்டுகள் கழித்து வந்து அவகாசம் கேட்டவரிடம் உச்ச நீதிமன்றம் அசையவில்லை: நீட்டிப்பு என்பது கேட்டதும் கிடைக்கும் சம்பிரதாயம் அல்ல. 2017-இல் இன்னும் ஒரு படி மேலே போய், கெடுவுக்குள் கட்டாமல், நீட்டிப்பும் வாங்காமல் விட்டால் அந்தத் தீர்ப்பாணையை நிறைவேற்றவே முடியாது என்றது. 2023-இல் இரண்டு ஆண்டுக்கு மேலான தாமதத்தை உயர் நீதிமன்றம் மன்னித்ததை ரத்துச் செய்தது.

எதிர்ப்பக்கத்துச் சூழ்ச்சியும் இல்லாமல் இல்லை. கெடு முடியும் வரை பேசாமல் இருந்துவிட்டு, மறுநாளே ரத்து மனுவோடு வரும் விற்பனையாளர்கள் உண்டு. பணம் கொடுக்க வீட்டுக்குப் போனால் ஆள் இருக்க மாட்டார். வங்கி வரைவோலையில் இன்ஷியல் மாறியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்வார். நாலாயிரம் ரூபாய் குறைவாகக் கட்டியதை ‘கட்டவே இல்லை’ என்று வாதிடுவார். எனவேதான் 28-ஆம் பிரிவை இரண்டு கண்ணாலும் படிக்க வேண்டியிருக்கிறது. தாமதம் எத்தனை நாள் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. பணம் எப்போது தயாராக இருந்தது, தாமதத்தால் லாபம் அடைந்தது யார், நடுவில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று பார்க்க வேண்டும். தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றுவதற்கு ஒரு காரணம், இந்தக் கேள்விகளின் விடை வழக்குக்கு வழக்கு மாறுவதே. இன்னொரு காரணமும் உண்டு. ‘விற்பவர் ரத்துக் கேட்காதவரை தீர்ப்பாணை உயிரோடு இருக்கிறது’ என்ற பார்வையும், ‘கட்டாத அன்றே அது செத்துவிட்டது’ என்ற பார்வையும் நம் தீர்ப்புகளில் அருகருகே குடியிருக்கின்றன. சட்டத்தின் வாசகத்துக்கு முதலாவதே நெருக்கமானது என்று நினைக்கிறேன். தானாகச் சாகும் தீர்ப்பாணையை ரத்துச் செய்ய ஒரு பிரிவு எதற்கு?

பணம் கட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனி நிறைவேற்றம். வழக்காடியின் தொல்லை தீர்ப்புக் கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது என்று பிரிவி கவுன்சில் 1872-லேயே அலுத்துக்கொண்டது. 2025 மார்ச்சில், 1980-களில் நம் மாநிலத்தில் தொடங்கிய ஒரு கிரைய ஒப்பந்த வழக்கின் நிறைவேற்றல் மனுவை முடித்து வைத்த உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் இத்தகைய மனுக்கள் எத்தனை தேங்கிக் கிடக்கின்றன என்று உயர் நீதிமன்றங்களிடம் கணக்குக் கேட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த கணக்கு 8.82 லட்சம், அதில் தமிழ்நாட்டின் பங்கு 86 ஆயிரத்துக்கு மேல்.

நிபந்தனையோடு கூடிய தீர்ப்பாணையை நிறைவேற்றுவதில் அடிப்படை விதியை 1956-லேயே உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. இரு தரப்புக்கும் கடமை இருந்து, ஒன்று மற்றொன்றைப் பற்றி நின்றால், நிறைவேற்றக் கேட்பவர் ‘நான் செய்கிறேன்’ என்று சொன்னால் மட்டும் போதாது. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், தன் பங்கைச் செய்யும் நிலையில் இருப்பதைக் காட்டவும் வேண்டும். தீர்ப்பாணையின் பின்புறம் போய்ப் பார்க்க நிறைவேற்றும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லைதான். ஆனால் நிபந்தனை நிறைவேறியதா என்று பார்ப்பது பின்புறம் போவதல்ல, முன்பக்கத்தைப் படிப்பது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு அந்த வேலையை அதனிடமே ஒப்படைத்திருக்கிறது. நிபந்தனை நிறைவேறியபின் விற்பவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் கதை நின்றுவிடாது. கட்டளை 21, விதி 34-இன் கீழ் வரைவுப் பத்திரம் தாக்கலாகி, ஆட்சேபணை கேட்டு, கடைசியில் நீதிமன்றமே அவர் சார்பில் பத்திரம் எழுதிக் கொடுக்கும். சுவாதீனம் தனியாகக் கேட்கப்படவில்லை என்ற தடையும் 1982-க்குப் பிறகு பெரிதாக நிற்பதில்லை. நிலத்தைக் கிரையம் செய் என்பதற்குள் நிலத்தை ஒப்படை என்பதும் அடங்கும் என்று அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் அவகாசம் கேட்கும் மனுவை எங்கே போடுவது? 28-ஆம் பிரிவு ‘அதே வழக்கில்’ என்கிறது. நிறைவேற்றல் மனுவில் போட்டால் செல்லாது என்று எத்தனையோ மனுக்கள் திருப்பப்பட்டன. தீர்ப்பளித்த நீதிமன்றமே நிறைவேற்றும் நீதிமன்றமாகவும் இருந்தால் போதும் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2024-இல் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. சின்ன ஊர்களில் காலையில் ‘ஓ.எஸ்.’ (அசல் வழக்கு) கட்டைப் பார்க்கும் நீதிபதியும் மதியம் ‘ஈ.பி.’ (நிறைவேற்றல் மனு) கட்டைப் பார்க்கும் நீதிபதியும் ஒரே ஆள், ஒரே நாற்காலி. மாறுவது மனுவின் தலைப்பு மட்டும். அதற்காக ஒருவரின் நிலம் போகலாம் என்றால் அது சட்டமா, தாயக்கட்டமா?

பணத்தை எங்கே கட்டுவது என்பதும் சின்ன விஷயம் அல்ல. தீர்ப்பாணைப்படியான பணத்தை வெளியே கையோடு கையாகக் கொடுத்தால், அதை நீதிமன்றத்தில் பதிவு செய்யாதவரை நிறைவேற்றும் நீதிமன்றம் கண்டுகொள்ளாது. கட்டளை 21-இன் இரண்டாம் விதி அப்படித்தான் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் இரண்டு சாட்சிகளோடு எண்ணிக் கொடுத்த பணம் ஊருக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியாது. செலான் வாங்கி வங்கியில் கட்டுவது அலைச்சல்தான். அந்த அலைச்சலுக்குப் பயந்தவர்கள் பட்ட அலைச்சல் அதைவிடப் பெரிது.

ராஜியில் முடிந்த வழக்குகளில் கெடுவின் குணம் மறுபடி மாறுகிறது. இரு தரப்பும் சம்மதித்து வைத்த கெடுவை ஒரு தரப்பு கேட்டு நீதிமன்றம் நீட்ட முடியாது என்று 1967-இல் ஒரு தீர்ப்பு. சம்மதத்தில் பிறந்தாலும் உத்தரவு நீதிமன்றத்தின் உத்தரவே, அநீதியைத் தடுக்க அரிதாக நீட்டலாம் என்று 1983-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் நீதிபதி சின்னப்ப ரெட்டி. தவணைத் தீர்ப்பாணைகளில் வேறொரு கேள்வி எழும்: தவறினால் முழுத்தொகை என்பது தண்டனையா, சலுகை பறிபோவதா? கடன் ஐந்து லட்சம். ஒழுங்காகக் கட்டினால் நான்கு லட்சத்தோடு விட்டுவிடுகிறேன் என்றால், தவறியவர் இழப்பது சலுகையை. கடன் நான்கு லட்சம். தவறினால் ஐந்து என்றால் அந்த ஒரு லட்சம் தண்டம், நீதிமன்றம் குறைக்கலாம். கணக்கு ஒன்றுதான். எழுதிய வரிசை வேறு, விளைவும் வேறு.

நிபந்தனைத் தடைகளில் விபரீதம் வீட்டு வாசலில் நடக்கும். எட்டு வாரத்தில் பணம் கட்டாததால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தடை நீங்கிவிட்டது என்று தீர்ப்பாணைதாரர் அமீனாவோடு வந்து நிற்பார். கட்டிவிட்டேன், ரசீது வக்கீலிடம் இருக்கிறது என்பார் மற்றவர். எட்டு வாரம் உத்தரவு நாளிலிருந்தா, நகல் கிடைத்த நாளிலிருந்தா? உத்தரவில் அது இருக்காது. தடை உத்தரவு நிறைவேற்றும் நீதிமன்றத்துக்குத் தெரிய வந்த பிறகே அதன் கையைக் கட்டும் என்பது 1967 முதல் உள்ள விதி. தடை நீங்கிய செய்தியோ எந்த வழியாக வரும் என்பதற்கு ஒழுங்கான பாதை இல்லை. தானாக நீங்கும் தடைகளின் ஆபத்தை உச்ச நீதிமன்றமே வேறொரு வழியில் கற்றுக்கொண்டது. எல்லா இடைக்காலத் தடையும் ஆறு மாதத்தில் காலாவதி என்று 2018-இல் போட்ட பொது விதியை 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு திரும்பப் பெற்றது. தன் தவறு ஏதுமில்லாதவரின் தடையும் நாள்காட்டியால் உதிர்வதை அந்த அமர்வு ஏற்கவில்லை.

நீதிமன்ற அவமதிப்பு என்ற அஸ்திரத்தையும் சிலர் இங்கே எடுக்கிறார்கள். பணம் கட்டினால் தடை என்ற உத்தரவில் பணம் கட்டாதவர் அவமதிப்புச் செய்யவில்லை. தடையை இழந்தார், அவ்வளவே. ஆறு மாதத்தில் காலி செய்கிறேன் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் கதை வேறு.

இத்தனை வழக்குகளையும் படித்தபின், கெடுவை நீட்டலாமா என்ற கேள்வி எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. உத்தரவை எழுதும்போதே பாதி வழக்கைத் தவிர்த்திருக்கலாம். இதை மிக அழகாகச் சொன்னது ஒரு குத்தகை வழக்கு. தமிழ்நாடு சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம், 1955-இன் கீழ் குத்தகைப் பாக்கியைக் கட்ட அவகாசம் தந்து, ‘தவறினால் வெளியேற்றம்’ என்று ஒரே மூச்சில் உத்தரவு போடும் வழக்கம் வருவாய் நீதிமன்றங்களில் இருந்தது. சின்னமார்க்கத்தியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கூட்டு உத்தரவை ஏற்கவில்லை. அவகாசம் தரும் அதிகாரம் உள்ளவருக்கு அதை நீட்டும் அதிகாரமும் உண்டு. வெள்ளத்தில் பஸ் நின்றதா, கூட்டுறவு வங்கி அன்று பூட்டியிருந்ததா என்று கேட்காமல் ஒருவரின் குத்தகையை முன்கூட்டியே எழுதி முடித்துவிடக் கூடாது என்பதே அதன் பொருள். முதலில் அவகாசம் கொடுங்கள். கெடு முடிந்த பிறகு ஒரு நாளுக்கு வழக்கை வையுங்கள். அன்று வந்து பார்த்து, தவறியிருந்தால் அப்போது வெளியேற்ற உத்தரவு போடுங்கள் என்றது நீதிமன்றம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், கூடுதலாக ஒரு வாய்தா போதும். கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, யார் பெயரில், எந்த நாளிலிருந்து கணக்கு, கடைசி நாள் விடுமுறையானால் எப்போது என்ற நாலு வரியும் சேர்ந்தால், டீக்கடை பெஞ்சில் எண்ணிய பணம் பற்றி ஏழு ஆண்டு வழக்காட யாருக்கும் இடம் இருக்காது.